உறைமேல் முகவரி: பிள்ளைகளுக்குக் குடிமைப் பழக்கம் சொல்லித்தர ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு கடிதம் உண்டு. தெருவிளக்கு எரியவில்லை, சரிசெய்து தாருங்கள் என்று அதிகாரிக்கு எழுத வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் வரிசையாக எழுதி, கடைசியில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் 'உறைமேல் முகவரி' எழுதினால் முழு மதிப்பெண். சொந்தப் பெயர் எழுதக்கூடாது என்பதால் அனுப்புநர் இடத்தில் 'அ அ அ அ' என்று இருக்கும். ஊரில் எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் வருஷாவருஷம் இந்தக் கடிதத்தை எழுதுகிறார்கள். ஒன்றுகூடத் தபால்பெட்டிக்குப் போவதில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் இதை மனப்பாடம் செய்துகொண்டிருந்த நாட்களில், எங்கள் தெருமுனை விளக்கு எரிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. "இதையே நிஜமா எழுதி அனுப்பிடலாமே அத்தை?" என்று கேட்டவன் அவள் தம்பி, அப்போது ஆறாம் வகுப்பு. அப்படி ஆரம்பித்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு, ஒன்பது பிள்ளைகள் எங்கள் திண்ணைக்கு வருகிறார்கள்.

புதிதாகத் தொடங்க நினைக்கும் பெற்றோர், ஆசிரியர், அத்தை, மாமா யாராக இருந்தாலும் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நடைமுறை எல்லாம் தமிழ்நாட்டுக்கு உரியது. எங்கள் ஊர் நகரத்தை ஒட்டிய ஓர் ஊராட்சி என்பதால் கிராமப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லப்போவது இதுதான்: ஒரே ஒரு சின்னப் பொதுக்காரியத்தைப் பிள்ளைகள் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தாங்களே கொண்டுபோகட்டும். உறுதிமொழி, பேரணி, பதாகை பிடித்துப் போட்டோ ஆகியவற்றில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. மரம் நடுவிழாவுக்கு வந்த பிள்ளைகளிடம் மூன்று மாதம் கழித்து அந்தக் கன்று எங்கே என்று கேட்டுப் பாருங்கள், தெரியும்.

படி 1: தெருவைச் சுற்றி வாருங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில், ஒரு மணி நேரம் போதும். சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பினால் பாதித் தெருவை வெளிச்சத்திலும் மீதியை விளக்கு போட்ட பிறகும் பார்க்கலாம். பிள்ளைகளே தெருவைப் படமாக வரையட்டும். குழாய் எங்கே, சாக்கடை மூடி எங்கே உடைந்திருக்கிறது, குப்பை எங்கே சேர்கிறது, பாட்டிகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், எந்த வளைவில் சைக்கிளை மிதிக்கப் பயமாக இருக்கிறது.

நீங்கள் எதையும் சுட்டிக்காட்டாதீர்கள். இது கஷ்டம்தான், நமக்கு வாய் சும்மா இருக்காது. ஆனால் அவர்கள் கண்ணுக்குத் தெரிவது வேறு. எங்கள் முதல் நடையில் ஏழு வயசுக் குட்டி ஒருத்தி டிரான்ஸ்பார்மர் வேலிக்குக் கீழே ஒரு சந்து இருப்பதைக் காட்டி, "இதுல நான் நுழைஞ்சிருவேன்" என்றாள். பதினோரு வருஷமாக அந்த வழியாகப் போகிற எனக்கு அந்தச் சந்து தெரிந்ததே இல்லை. என் உயரத்திலிருந்து பார்த்தால் அங்கே வெறும் புல்தான்.

மின்கம்பம், கைப்பம்பு, தண்ணீர்த் தொட்டி என்று எண் எழுதியிருக்கும் எல்லாவற்றின் எண்ணையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏன் என்பது பின்னால் தெரியும்.

படி 2: எது யார் பொறுப்பு என்று பிரியுங்கள்

பெரியவர்களே தடுக்கி விழுகிற இடம் இது. 'கவர்ன்மெண்ட்டு ஒண்ணும் செய்யல' என்று மொத்தமாகத் திட்டிவிட்டுப் போய்விடுவோம். கவர்ன்மெண்ட் என்பது ஓர் ஆள் இல்லை, பல கதவு உள்ள வீடு என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தெருவிளக்கு, தெருக்குழாய், சாக்கடை, குப்பை ஆகியவை உள்ளாட்சியின் பொறுப்பு. கிராமம் என்றால் ஊராட்சி. ஊர் பெரிதாக ஆக ஆகப் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. ஆனால் கம்பி தொங்குகிறது, டிரான்ஸ்பார்மரில் பொறி பறக்கிறது என்றால் அது மின்வாரியம். பஸ் போகும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. அந்தச் சாலைக் குழிக்கு ஊராட்சித் தலைவரைத் திட்டிப் பயன் இல்லை. ஏரி, கண்மாய் விஷயம் இன்னும் சுவாரசியம்: நூறு ஏக்கருக்குக் குறைவாகப் பாசனம் தருவது ஊராட்சி ஒன்றியத்தின் கையில், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. எங்கள் பிள்ளைகள் ஊர்க் கண்மாய் யாருடையது என்று கண்டுபிடிக்கவே மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்கள். விவசாயம் பார்க்கிற ஒரு தாத்தாவைக் கேட்டிருந்தால் மூன்று நிமிஷம். அதைக் கடைசியில்தான் யோசித்தார்கள்.

இன்னொரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுங்கள். வி.ஏ.ஓ. என்கிற கிராம நிர்வாக அலுவலர் வருவாய்த் துறைக்காரர். பட்டா, சான்றிதழ், நிலக் கணக்கு அவர் வேலை. ஊராட்சிச் செயலர் வேறு ஆள். தெருவிளக்குக்கு வி.ஏ.ஓ.விடம் போய் நின்றால் அவர் பாவம் என்ன செய்வார்? ஊராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத இடைக்காலத்தில் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பார். அப்போது மனு அவர் பெயருக்குப் போக வேண்டும்.

நோட்டில் இரண்டு பத்தி போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் பிரச்சினை, வலப்பக்கம் யார் பொறுப்பு. வலப்பக்கத்தில் 'நாம்' என்று வரும் வரிகளும் இருக்கும். எங்கள் பட்டியலில் பதினான்கு பிரச்சினைகள். அதில் ஐந்துக்கு 'நாம்' என்றுதான் எழுத வேண்டி வந்தது. பெரிய பிள்ளைகளுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை.

படி 3: 'நாம்' என்று எழுதியவற்றை முதலில் செய்யுங்கள்

ஒரு மனுகூடப் போடும் முன்பு இது முடிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பக்கெட்டில் சோறும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கிடந்தால், குப்பையைப் பற்றிப் பேச எங்களுக்கு முகம் ஏது?

மக்கும் குப்பை ஒன்று, மக்காதது ஒன்று என்று இரண்டு வாளி. பிரிப்பது, தூய்மைக் காவலர் வரும்போது கொண்டுபோய்க் கொடுப்பது இரண்டும் பிள்ளையின் பொறுப்பு. கொடுக்கும்போது அவர் பெயரைத் தெரிந்துகொண்டு, அக்கா என்றோ அண்ணா என்றோ சொல்லிக் கொடுக்கப் பழக்குங்கள். 'குப்பைக்காரங்க வந்துட்டாங்க' என்று உள்ளே பார்த்துக் கத்தும் பழக்கம் நம்மிடமிருந்துதான் அவர்களுக்குத் தொற்றுகிறது.

ஒரு நாள் எங்கள் தெருவுக்கு வரும் அக்கா கட்டைவிரலில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். துணியில் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. யார் வீட்டுப் பையிலோ உடைந்த டம்ளர். பிள்ளைகள் யாரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு அவர்களே ஒரு ஏற்பாடு செய்தார்கள்: உடைந்த கண்ணாடியை இரண்டு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, மேலே பெரிய எழுத்தில் 'கண்ணாடி' என்று எழுதி, தனியாகக் கையில் கொடுப்பது. இருபத்திரண்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னார்கள். ஒரு வீட்டில் மட்டும் "உங்களுக்கு வேற வேலை இல்லையா" என்று கேட்டார்களாம். அதுவும் அவர்களுக்கு ஒரு பாடம்தான்.

படி 4: ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் காரியம் ஜெயிக்கக்கூடியதாக இருக்கட்டும். கண்ணுக்குத் தெரிய வேண்டும், இரண்டு மூன்று மாதத்தில் முடிய வேண்டும், அதனால் யாருக்கும் நஷ்டம் இருக்கக்கூடாது. தெருவிளக்கு, கசியும் குழாய், உடைந்த சாக்கடை மூடி, பஸ் நிறுத்தத்தில் நிழல், நூலகம் திறக்கும் நேரம் போன்றவை சரியாக வரும்.

ஆக்கிரமிப்பு, டாஸ்மாக், சுடுகாட்டுப் பாதை, கோயில் வரி, இவற்றைத் தொடாதீர்கள். இவை சின்னப் பிரச்சினைகள் என்று சொல்லவில்லை. ஊரிலேயே பெரிய பிரச்சினைகள் இவைதான். ஆனால் இவற்றுக்குப் பின்னால் பகையும் சாதியும் பணமும் இருக்கிறது. பெரியவர்கள் சண்டைக்குப் பிள்ளைகளை முன்னால் நிறுத்துவது அநியாயம். கலெக்டர் அலுவலகத்துக்குச் சீருடையோடு பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கேமராவுக்கு முன் நிறுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் வேறு போயிருக்கும்.

எதை எடுப்பது என்பதை ஓட்டெடுப்பில் முடிவு செய்யுங்கள். சீட்டு எழுதி, சொம்பில் போட்டு, எல்லோர் முன்னாலும் எண்ண வேண்டும். தோற்ற பிரச்சினைக்கு ஓட்டுப் போட்டவர்களும் ஜெயித்த பிரச்சினைக்கு வேலை செய்ய வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இரண்டு பேர் முறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுத்த வாரம் திரும்பி வந்தால்தான் புரியும்.

சொம்பு என்றதும் ஞாபகம் வருகிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, அதிலிருந்து ஓலையை எடுக்க வேண்டியவர் யார் தெரியுமா? உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் போட்டியிட முடியாது என்றும் அதில் இருக்கிறது. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான சபை அது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குழுவில் இருக்கும் பெண் பிள்ளைகள் எப்படியும் கேட்டுவிடுவார்கள்.

படி 5: மனு எழுதுங்கள்

போன் செய்தால் போதாதா என்று கேட்பார்கள். சில விஷயங்களுக்குப் போதும். மின்தடை, தொங்கும் கம்பி என்றால் மின்னகம் 94987 94987. சென்னையில் மாநகராட்சிப் புகார்களுக்கு 1913. எந்தத் துறை என்றே தெரியாவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100. ஆபத்து என்றால் மனு எழுதிக்கொண்டு உட்காராதீர்கள், போன்தான். அந்த டிரான்ஸ்பார்மர் வேலிச் சந்துக்கு நாங்கள் அன்று இரவே போன் செய்தோம்.

மற்றபடி பழகுவதற்கு எழுத்துதான் நல்லது. பாடத்தில் படித்த அதே வடிவம் போதும், ஆனால் 'அ அ அ அ' வேண்டாம். எங்கள் பிள்ளைகளின் முதல் மனுவின் உடல் பகுதி, நான் கை வைக்காமல்:

'பொருள்: எரியாத தெருவிளக்கைச் சரிசெய்து தரக் கோருதல். ஐயா, வணக்கம். எங்கள் தெருமுனையில் உள்ள விளக்கு (கம்ப எண் 11) இரண்டு மாதமாக எரியவில்லை. அந்த இடத்தில் சாக்கடைத் திருப்பம் உள்ளது. டியூஷன் முடிந்து இரவு எட்டு மணிக்கு எட்டுப் பேர் அந்த வழியாக வருகிறோம். போன வாரம் ஒருவர் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தார். அவருக்கு முட்டியில் அடி. விளக்கைச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

இதற்கு முன்பு எழுதிய வரைவில் 'நாட்டின் முதுகெலும்பாம் கிராமங்கள் இருளில் மூழ்கலாமா' என்று ஒரு வரி இருந்தது. கட்டுரைப் போட்டிப் பழக்கம். விளக்கை மாற்றுகிறவருக்கு இதில் என்ன தகவல் இருக்கிறது என்று கேட்டேன். அவர்களே அடித்துவிட்டார்கள். மனுவில் இருக்க வேண்டியது எது, எங்கே, எப்போதிலிருந்து, யாருக்குக் கஷ்டம், என்ன வேண்டும், அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பிள்ளைகள் கையெழுத்துப் போடலாம், ஆனால் தொடர்பு எண்ணாக ஒரு பெரியவரின் எண்ணையே கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொள்ள வேண்டும். 'குடுத்துட்டுப் போம்மா, பாத்துக்கறோம்' என்பார்கள். அப்போது சிரித்த முகத்தோடு, "ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுத்துருங்க சார்" என்று கேட்கத் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால், பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வாக்கியமே இதுதான். வீட்டில் இரண்டு தடவை நடித்துப் பாருங்கள். நீங்கள் எழுத்தர், அவர்கள் மனுதாரர். கொஞ்சம் சிடுசிடு என்றே இருங்கள்.

அலுவலகத்துக்குள் பேசுவது பிள்ளையாகவே இருக்கட்டும். நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள். எழுத்தர் உங்களைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். நீங்கள் பிள்ளையைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அவரும் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்.

படி 6: பின்தொடருங்கள்

பலரும் மனு கொடுத்த அன்றைக்கே போட்டோ எடுத்து வாட்சப்பில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். நிஜமான வேலை அதற்கு அப்புறம்தான். சமையலறை நாள்காட்டியில் பதினைந்தாம் நாளையும் முப்பதாம் நாளையும் வட்டம் போடுங்கள். பதினைந்தாம் நாள் போய்க் கேட்க வேண்டும். முப்பதாம் நாள் பழைய மனுவின் நகலை வைத்து நினைவூட்டல் எழுத வேண்டும். அதற்கும் அசைவில்லை என்றால் ஒரு படி மேலே, ஊராட்சி ஒன்றிய அலுவலகம். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் அதற்கும் பிறகுதான், அங்கேயும் பெரியவர்கள் மட்டும் போங்கள். எடுத்த எடுப்பில் உச்சிக்குப் போனால் மனு அங்கிருந்து உருண்டு அதே ஊராட்சி அலுவலகத்துக்குத்தான் வரும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மனு கொடுத்து நாற்பத்தோராம் நாள் ஏணியோடு ஆள் வந்தார். புது எல்.இ.டி. விளக்கு மாட்டினார். பக்கத்துத் தெருவில்.

விஷயம் என்னவென்றால், எங்கள் கம்பத்தின் எண் 17. பெயிண்ட் உரிந்து 7இன் மேல்கோடு போயிருந்தது. ஆறாம் வகுப்புக்காரன் அதை 11 என்று நோட்டில் எழுதிவிட்டான். மனுவிலும் அதுவே போய்விட்டது. பதினோராம் கம்பத்தில் ஏற்கெனவே மங்கலாக ஒரு விளக்கு இருந்தது. இப்போது பளீர் என்று எரிகிறது. பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி இவர்களைக் கூப்பிட்டு முறுக்கு கொடுத்தார். எங்கள் தெருமுனை அப்படியே இருட்டு.

அவன் இரண்டு நாள் வெளியே வரவில்லை. நானும் போய் ஆறுதல் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவனே ஒரு டார்ச்சும் கைப்பிடி ஈரத்துணியும் எடுத்துக்கொண்டு போய், கம்பத்தைத் துடைத்து எண்ணைப் பார்த்துவிட்டு வந்தான்.

படி 7: சபைக்குக் கூட்டிப்போங்கள்

தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் 2022இல் சேர்ந்தவை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் இதன் உறுப்பினர்கள். சட்டசபைக்கு நாம் ஆள் அனுப்புகிறோம். இந்தச் சபையில் நாமே உறுப்பினர். பிள்ளைகளுக்கு ஓட்டு கிடையாது, ஆனால் உட்கார்ந்து பார்க்கலாம். அவர்கள் எழுதிக் கொடுத்ததை நீங்கள் எழுந்து வாசிக்கலாம்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இதே போல வார்டு குழு, பகுதி சபை என்று ஏற்பாடு இருக்கிறது. உங்கள் வார்டில் எப்போது, எங்கே கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேட்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கொஞ்சம் போரடிக்கும். மைக் கரகரக்கும். வரவு செலவுக் கணக்கை ஒருவர் மூச்சு விடாமல் படிப்பார். பாதி பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போவார்கள். நடுவில் இரண்டு பேர் பழைய சண்டையை எடுப்பார்கள். பிள்ளைகள் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம்.

அதனால் கையில் வேலை கொடுங்கள். ஒருவர் வந்தவர்களை எண்ணட்டும். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று ஒன்று உண்டு. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு நூறு பேர், அதற்கு மேல் 10,000 வரை இருநூறு பேர். இன்னொருவர் பேசியவர்களில் பெண்கள் எத்தனை என்று எண்ணட்டும். மூன்றாமவர் எத்தனை தீர்மானம், எது எதைப் பற்றி என்று எழுதட்டும். வீட்டுக்கு வந்து மூன்று கணக்கையும் ஒப்பிட்டால் அரை நாள் பேச விஷயம் இருக்கும். எங்கள் பெண் பிள்ளைகள் எண்ணிய முதல் தடவை, பேசியவர்கள் பதினெட்டுப் பேர், அதில் பெண்கள் மூன்று. வந்து உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். "அப்புறம் ஏன் அத்தை?" என்றார்கள். என்னிடம் உடனே பதில் இல்லை. அடுத்த கிராமசபையில் நானும் எழுந்து பேசினேன், வேறு வழி?

பள்ளியிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் போங்கள். பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் நடத்த முடியாது.

படி 8: பெரிய பிள்ளைகளுக்குத் தகவல் உரிமை

பதினான்கு, பதினைந்து வயதில் 'ஏன்' என்பது முற்றும். அப்போது 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தை அறிமுகப்படுத்துங்கள். விண்ணப்பத்தில் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டால் பதில் வராது. 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தெருவிளக்குப் பராமரிப்புக்குச் செலவான தொகை எவ்வளவு' என்று ஆவணத்தில் இருப்பதைக் கேட்க வேண்டும். கேள்வியைச் சரியாகக் கேட்கும் இந்தப் பயிற்சி கணக்குப் பாடத்துக்கும் உதவும்.

2012இல் லக்னோவைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, காந்திக்குத் தேசத் தந்தை என்ற பட்டம் எந்த ஆணையின்படி கொடுக்கப்பட்டது என்று பிரதமர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமையில் கேட்டாள். கேள்வி அங்கிருந்து உள்துறைக்கும், அங்கிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் போனது. அப்படி ஓர் ஆவணமே இல்லை என்று தெரியவந்தது. இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் கண் விரிகிறது. என் அனுபவத்தில், சட்டப் புத்தகத்தைவிட நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் வீட்டிலிருந்து ஒரு பெரியவர் பெயரிலேயே விண்ணப்பம் போகட்டும். பிள்ளையின் பெயரும் முகவரியும் ஊர் அலுவலகங்களில் சுற்ற வேண்டாம்.

இதற்கிடையில் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை

இதெல்லாம் செய்துவிட்டு, தேர்தல் சமயத்தில் ரேஷன் கார்டுக்கு அடியில் மடித்து வைத்த ஐந்நூறு ரூபாய் நோட்டைப் பிள்ளை பார்த்தால் என்ன ஆகும்? எல்லோரும் வாங்குகிறார்கள், நாம் மட்டும் ஏன் விட வேண்டும் என்ற நியாயம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. எனக்கு அதில் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. வறுமை என்ன என்று எனக்கும் தெரியும். ஆனால் வாங்குகிற வீட்டில் ஜனநாயகம் பற்றிப் பிள்ளைக்குப் பிரசங்கம் செய்யாதீர்கள். அவ்வளவுதான். ஹெல்மெட்டும் அப்படியே. ஸ்கூட்டியின் முன்னால் பிள்ளையை நிற்கவைத்துக்கொண்டு, சிக்னலைத் தாண்டிக்கொண்டே சாலை விதி சொல்லித்தர முடியாது.

கட்சி விஷயத்தில் என் வழக்கம்: எந்தக் கட்சியைப் பற்றியும் திண்ணையில் பேசலாம், கோஷம் மட்டும் கூடாது. ஒரு கட்சியை ஆதரித்துப் பேசியவர், அடுத்து அதே கட்சியை ஒரு விஷயத்திலாவது குறை சொல்ல வேண்டும். முடியவில்லை என்றால் அடுத்த வாரம் படித்துவிட்டு வரட்டும்.

அப்புறம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். தனக்காக மட்டும் என்றில்லை. செங்கல் சூளையில் வேலை செய்யும் பையனுக்காக, பதினாறு வயதில் கல்யாணம் பேசப்படும் வகுப்புத் தோழிக்காக.

எந்த வயதில் எது

ஐந்து முதல் ஏழு வயதுவரை பெயர் தெரிந்தால் போதும்: தூய்மைக் காவலர் பெயர், தபால்காரர் பெயர், தெருப் பெயர். எட்டு வயதிலிருந்து தெரு நடை, படம், ஓட்டெடுப்பு. பத்து, பதினொன்றில் மனு எழுதலாம். கையெழுத்து கோணலாக இருந்தால் என்ன. பன்னிரண்டுக்கு மேல் கிராமசபைக் கணக்கு. பதினைந்தில் தகவல் உரிமை. பதினேழு முடிந்தவுடன் வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6இல் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். முன்பு ஜனவரி 1 மட்டும் தகுதி நாளாக இருந்தது. இப்போது அதோடு ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருஷத்துக்கு நான்கு நாள். பதினெட்டாம் பிறந்தநாளுக்கு முன்பே இந்தப் படிவத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இது இறுக்கமான அட்டவணை இல்லை. எங்கள் டிரான்ஸ்பார்மர் சந்தைக் கண்டுபிடித்தவள் ஏழு வயசுக்காரி என்பதை மறக்க வேண்டாம்.

படி 9: முடித்துவையுங்கள்

வேலை நடந்ததும் நன்றிக் கடிதம் ஒன்று எழுத வேண்டும். மேலதிகாரிக்கு அனுப்பி, ஏணியில் ஏறியவர் பெயரையும் அதில் குறிப்பிட வேண்டும். எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டி இயக்குகிற அண்ணன்தான் விளக்கும் மாட்டுகிறார். அவருக்கு அப்படி ஒரு கடிதம் அதற்கு முன்பு வந்ததே இல்லையாம். சட்டைப்பையிலிருந்து எடுத்து டீக்கடையில் இரண்டு பேருக்குக் காட்டினார் என்று கேள்விப்பட்டோம்.

நடக்கவில்லை என்றால் அதையும் நோட்டில் எழுதி, தேதி போட்டு, காரணம் தெரிந்தால் காரணத்தோடு பக்கத்தை மூடுங்கள். எங்கள் நோட்டில் அப்படி நான்கு பக்கம் இருக்கிறது. பஸ் நிறுத்த நிழற்குடை அதில் ஒன்று. இடம் யாருடையது என்பதிலேயே நிற்கிறது.

தெருமுனை விளக்குக்கு இரண்டாவது மனு போட்டோம். அதையும் எழுதியவன் அதே ஆறாம் வகுப்புக்காரன்தான். வேறு யாரும் எழுத அவன் விடவில்லை. 'கம்ப எண் 17 (எழுத்தால்: பதினேழு மட்டும்)' என்று வங்கிச் செலானில் எழுதுவது போல எழுதியிருந்தான். சீல் போட்ட எழுத்தர் அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு, அவனைப் பார்த்தார். இருபத்தாறாம் நாள் விளக்கு வந்தது. சரியான கம்பத்தில்.